பின்தொடர்பவர்கள் விசாரணைக்கு வரவும்

இணையவழிக் கண்ணியப் பாதுகாப்புப் பிரிவு இரண்டாவது மாடியில் இருக்கிறது. படியேறி மூச்சு வாங்க நிற்பவரின் கண்ணில் முதலில் படுவது ஒரு பலகை: 'புகார்கள் இணையவழியில் மட்டுமே ஏற்கப்படும்.' அதற்குக் கீழே இன்னொன்று: 'இணையதளம் பராமரிப்பில் உள்ளது. நேரில் அணுகவும்.' இரண்டு பலகைகளும் ஒரே நாளில், ஒரே கடையில் எழுதப்பட்டவை. ஒன்றாகக் கொடுத்தால் மலிவு என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.

இந்தப் பலகைகளுக்கு எதிரே, எதை நம்புவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தவளை 'ஹாஃப் கிளட்ச்' என்றால்தான் ஊரில் தெரியும். பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்து, எத்தனையோ மதில் சுவர்களின் உயிரைக் காப்பாற்றியவள். "ஹாஃப் கிளட்ச்! ஹாஃப் கிளட்ச்!" என்று நாள் முழுக்கக் கத்துவதால் மாணவிகள் வைத்த பெயர் அது. அதே பெயரில் சமூக ஊடகத்தில் ஒரு பக்கமும் வைத்திருந்தாள். மேட்டில் நின்றுபோன வண்டியை எப்படி எடுப்பது, இடுக்கான இடத்தில் எப்படிப் பின்னால் வந்து நிறுத்துவது என்று சின்னச் சின்ன வீடியோக்கள். மாணவிகள் அதைப் பார்த்துத்தான் வந்தார்கள்.

பெரும்பாலான வீடியோக்களை ஒரு வணிக வளாகத்தின் வாகன நிறுத்தத்தில் எடுப்பாள். காலையில் கடைகள் திறக்கும் முன் அந்த இடம் காலியாக இருக்கும். நிறுத்தத்தின் பொறுப்பாளர் கயிற்றை அவிழ்த்து, "வாங்க மேடம்" என்பார். அங்கே தரையில் வரைந்திருந்த ஓர் அம்புக்குறி நேராகச் சுவரைக் காட்டிக்கொண்டிருந்தது. "இந்த அம்பை நம்பிப் போனா சுவத்துக்குள்ளதான் பார்க்கிங்" என்று ஒரு வீடியோவில் சொன்னாள். அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள்.

அதற்கடுத்த வாரம் அவள் பக்கத்துக்கு 'உண்மை விரும்பி' என்று ஒருவர் வந்தார். முகப்பில் முகம் இல்லை, சிவப்பு ரோஜா. முதலில், பெண்கள் ஓட்டினால் சாலை தாங்குமா என்று கேட்டார். மாணவிகள் அதற்கும் சிரித்தார்கள். பிறகு அவள் எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு வகுப்பு எடுக்கிறாள் என்று எழுதினார். இன்று என்ன நிறச் சட்டை என்று எழுதினார். கடைசியில் அவள் முகத்தையும் தொலைபேசி எண்ணையும் போட்டு அவள் பெயரிலேயே இன்னொரு பக்கம் திறந்து, 'தனி வகுப்பு, எந்நேரமும் வரலாம்' என்று விளம்பரம் செய்தார். போன் ஓயாமல் அடித்தது. அடித்தவர்கள் யாருக்கும் கார் இல்லை.

மாணவிகளின் வீட்டில் அந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள். ஒருத்திக்குத் திடீரென்று முதுகுவலி வந்தது. ஒருத்தி வீட்டில் விருந்தாளிகள் வந்தார்கள், போகவே இல்லை. வகுப்புகள் உதிரத் தொடங்கின.

"பேசாம உன் பக்கத்தை மூடிடு" என்றான் அவள் கணவன். ஏசி பழுது பார்க்கிறவன். எதையும் அணைத்துவிட்டுத்தான் யோசிப்பான்.

"ஏண்டா, திருடன் வர்றான்னா வீட்டை இடிச்சுட்டு மைதானத்துல படுப்பியா?" என்றார் மாமியார். "நீ போம்மா. போய்ப் புகார் குடு. சட்டம்னு ஒண்ணு சும்மாவா இருக்கு?"

சட்டம் சும்மா இல்லை. மதிய உணவுக்குப் போயிருந்தது. திரும்பி வந்ததும் அவளை உள்ளே அழைத்தார்கள்.

அதிகாரி அவள் கொண்டுவந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதல் தாளிலேயே நின்றார்.

"ரோஜா கறுப்பா இருக்கே?"

"கறுப்பு வெள்ளைப் பிரிண்ட் சார். நிஜத்துல சிவப்பு."

"நீங்க புகார்ல சிவப்புன்னு எழுதியிருக்கீங்க. நாளைக்கு அவன் வக்கீல் வந்து, என் கட்சிக்காரர் ரோஜா கறுப்புன்னா நான் மூஞ்சியை எங்க வெச்சுக்கிறது?"

அவள் கீழே போய்க் கலர் பிரிண்ட் எடுத்து வந்தாள். கடைக்காரரின் மெஷினில் சிவப்பு மை தீரும் நேரம். ரோஜா ஆரஞ்சு நிறத்தில் வந்திருந்தது. "பரவால்ல, இது பூன்னு தெரியுது" என்று அதிகாரி பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார்.

"இவரை பிளாக் பண்ணீங்களா?"

"இல்ல சார். ஆதாரம் வேணும்னு வெச்சிருக்கேன்."

"பிளாக் பண்ணலைன்னா சம்மதம்னு ஆயிடுதேம்மா."

"அப்ப பண்ணிடட்டுமா?"

"பண்ணா ஆதாரம் போயிடுமே."

"அப்ப என்னதான் சார் பண்றது?"

"இதையெல்லாம் சொல்லித்தரத்தான் விழிப்புணர்வு முகாம் நடத்துறோம். நீங்கள்லாம் வர்றதில்லை."

பிறகு அவர் அலமாரியிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்தார். உள்ளே அடையாளத்துக்கு ஒரு பேருந்துப் பயணச்சீட்டு இருந்தது.

"இந்தக் குற்றத்துக்குச் சட்டத்துல இருக்கிற வார்த்தை 'பின்தொடர்தல்'. ஒரு பெண்ணை அவள் விருப்பமில்லாமப் பின்தொடர்தல். சரியா? இப்ப உங்க போனைக் குடுங்க." வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ரோஜாவின் பக்கத்தைத் தட்டிப் பார்த்தார். முகம் தெளிந்தது. "நினைச்சேன். இவர் உங்களைப் பின்தொடரலையே."

"சார்?"

"பாருங்க. 'பின்தொடர்'னு பட்டன் இருக்கு. இவர் அதை அமுக்கவே இல்லை. பின்தொடராம வெறுமனே வந்து வந்து பார்த்துட்டுப் போறார். அது வாசிப்பு. வாசிக்கிறதைத் தடுக்கச் சட்டத்துல இடமில்லை."

"சார், அந்த பட்டன் வேற, இது வேற. அதை அமுக்கினா நான் போடுற வீடியோ அவங்களுக்கு வரும், அவ்வளவுதான்."

"வார்த்தை ஒண்ணுதானேம்மா? வார்த்தையை விட்டுட்டா சட்டத்துல என்ன மிச்சம்?" என்றார் அதிகாரி. அது உண்மைதான் என்று எழுத்தர் தலையாட்டினார். அவர் எதிர் மேசையில் அமர்ந்து இதையெல்லாம் பதிவு செய்துகொண்டிருந்தார். அதிகாரி இன்னும் கொஞ்சம் தட்டினார். திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மூவாயிரம் பேர்!"

"என்ன சார்?"

"உங்களை மூவாயிரத்துச் சொச்சம் பேர் பின்தொடர்றாங்க! இவ்வளவு பெரிய விஷயத்தை வெச்சுக்கிட்டு, பின்தொடராத ஒருத்தனைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கீங்களேம்மா!"

"அவங்கள்லாம் என் மாணவிங்க சார். கத்துக்க வர்றவங்க."

"எல்லாக் குற்றவாளியும் முதல்ல தெரிஞ்சவனாத்தான் இருப்பான்" என்றார் அதிகாரி. குரலில் கனிவு இருந்தது. பிரிவு தொடங்கியதிலிருந்து இவ்வளவு பெரிய வழக்கு வந்ததில்லை. எழுத்தரிடம் திரும்பி, "எழுதுங்க: மேற்படி பெண்ணைப் பின்தொடரும் மூவாயிரத்துச் சொச்சம் பேரும் சந்தேக நபர்கள். அனைவரும் நேரில் விசாரணைக்கு ஆஜராகவும்."

"சொச்சம்னு போடலாமா சார்?" என்றார் எழுத்தர்.

"போடுங்க. கூடக் குறைய இருந்தா அதுல அடங்கிடும்."

அந்த ஆணையின் நகல் அவளிடம் தரப்பட்டது. அவள் அதை வீட்டில் படித்துக் காட்டினாள். மாமியார் ஆணையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நானும் உன்னைப் பின்தொடர்றேனே. நானும் போகணுமா?" என்று கேட்டார்.

இதற்கிடையில் பிரிவு கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. உண்மை விரும்பி எழுதிய வசை ஒன்றின் கீழே பிரிவின் அதிகாரபூர்வக் கணக்கிலிருந்து ஒரு பதில் வந்தது: 'அன்பரே, தங்கள் கருத்துக்கு நன்றி. கண்ணியம் காப்போம்.' உண்மை விரும்பி அதற்கு ஒரு விருப்பக்குறி போட்டார். அந்த மாத அறிக்கையில் பிரிவு இப்படிக் குறிப்பிட்டது: 'எதிர்த்தரப்பினர் விசாரணைக்கு ஒத்துழைத்து வருகிறார்.'

விழிப்புணர்வு முகாமுக்கு அவள் போனாள். வருவதில்லை என்ற பேச்சு வேண்டாம் என்றுதான். ஒரு கல்லூரி அரங்கம். மேடையில் அதிகாரியின் படம், அதிகாரியைவிடப் பெரிதாக.

"சகோதரிகளே," என்று தொடங்கினார். "சமூக ஊடகத்தில் உங்கள் படத்தைப் போடாதீர்கள். பெயரைப் போடாதீர்கள். கருத்துச் சொல்லாதீர்கள். இந்த மூன்றையும் ஒழுங்காகக் கடைப்பிடித்த பிறகும் யாராவது தொல்லை கொடுத்தால், தயங்காமல் எங்களிடம் வாருங்கள். இந்தப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து எங்கள் பிடியிலிருந்து ஒரு குற்றவாளி கூடத் தப்பியதில்லை. ஏன்? பிடித்தால்தானே தப்ப முடியும்! நாங்கள் அவசரப்படுவதில்லை."

கைதட்டல் கொஞ்சம் தயங்கி வந்தது. "இந்த முகாம் நேரலையில் என் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லோரும் என்னைப் பின்தொடருங்கள்" என்று முடித்தார்.

அவள் எழுந்தாள். "சார், உங்களை எத்தனை பேர் பின்தொடர்றாங்க?"

"பதினோராயிரம்!"

"ஐயையோ. புகார் குடுத்துட்டீங்களா?"

ஒருங்கிணைப்பாளர் பாய்ந்து வந்து நன்றியுரையைத் தொடங்கினார்.

அடுத்த நாள் உண்மை விரும்பி ஒரு படம் போட்டார். அவள் வீட்டு வாசல். மாமியார் முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். கீழே ஒரு வரி: 'பெரியம்மா கதவைத் தாழ்ப்பாள் போடுவதில்லை.'

அவளுக்குக் கை நடுங்கியது. நடுங்கும் கையோடு ஓட்டக் கூடாது என்பது அவள் சொல்லித்தரும் முதல் பாடம். பேருந்தில் போனாள்.

அதிகாரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "தாழ்ப்பாள் போடச் சொல்றார். இதை ஒரு நல்லெண்ண எச்சரிக்கையாவும் எடுத்துக்கலாமேம்மா."

"சார், அவன் எங்க வாசல்ல வந்து நின்னிருக்கான்."

"வாசல் வந்து எங்க எல்லைக்குள்ள வராது. நாங்க இணையவழி. வாசலுக்குன்னா உங்க பகுதிக் காவல் நிலையம் இருக்கு. ஆனா போன்ல வந்த படம்னா அவங்க புகாரை எடுக்க மாட்டாங்க." கொஞ்சம் யோசித்தார். "முதல்ல அந்த மூவாயிரம் பேரும் வரட்டும். ஆணை போட்டு எவ்வளவு நாளாச்சு, ஒருத்தர் கூட ஆஜராகலை. சட்டத்து மேல மரியாதையே இல்லாமப் போச்சு. அவங்க விசாரணை முடியாம அடுத்ததுக்குப் போக விதியில இடமில்லை."

அவள் நாற்காலியிலிருந்து எழவில்லை. அவரையே பார்த்தாள். "அவங்க வந்தா முடிச்சிடுவீங்களா சார்?"

"கண்டிப்பா."

"எல்லாரும் நேர்ல வரணும்."

"எல்லாரும்."

அன்று மாலை பல நாள்களுக்குப் பிறகு அவள் ஒரு வீடியோ போட்டாள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, எப்போதும் பேசும் குரலில் பேசினாள்.

"இன்னிக்குப் பாடம் பின்தொடர்றது எப்படி. முன்னாடி போற வண்டியோட பின் டயர் ரோட்டைத் தொடறது உங்க கண்ணுக்குத் தெரியணும், அதுதான் இடைவெளி. ஒட்டிக்கிட்டுப் போகாதீங்க. இப்ப விஷயத்துக்கு வர்றேன். என்னைப் பின்தொடர்ற நீங்க எல்லாரும் சந்தேக நபர்கள்னு ஆணை போட்டிருக்காங்க." ஆணையை ஒரு சொல் விடாமல் படித்தாள், 'சொச்சம்' உட்பட. "சட்டத்தை மதிக்கணும். திங்கள்கிழமை காலையில விசாரணை. வண்டியை எடுத்துட்டு வாங்க. லைசென்ஸ், எல் போர்டு மறக்காதீங்க. இன்னொருத்தரும் பார்த்துக்கிட்டிருப்பார். ரோஜாப்பூ, உங்களை யாரும் கூப்பிடலை. நீங்கதான் நிரபராதியாச்சே."

திங்கள்கிழமை காலை, எல் போர்டு மாட்டிய அவள் காரின் பின்னால் ஒரு வரிசை கிளம்பியது. முதுகுவலிக்காரி வந்திருந்தாள். விருந்தாளிகள் இருந்த வீட்டுக்காரி விருந்தாளிகளையும் பின் இருக்கையில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். இரண்டு வருடங்களுக்கு முன் கற்றுக்கொண்டு போன செவிலி, கையில் இன்னும் உறை போட்டிருந்த முடிதிருத்தும் பெண், ஒரு வங்கி மேலாளர். வரிசையின் வேகம், பக்கத்தில் நடந்துபோன ஒரு பெரியவருடையதைவிடக் கொஞ்சம் குறைவு. மேட்டில் ஒரு வண்டி நின்றது. அதன் பின்னால் எல்லாம் நின்றன. எல்லா ஜன்னல்களிலிருந்தும் ஒரே குரல் வந்தது: "ஹாஃப் கிளட்ச்! ஹாஃப் கிளட்ச்!"

பிரிவின் வளாகத்துக்குள் எவ்வளவு வண்டி அடங்குமோ அதற்கு மேல் ஒன்று அதிகமாக நுழைந்தது. அது பல் டாக்டருடையது. பல் டாக்டர் எத்தனையோ கடைவாய்ப் பற்களைக் கண்ணை மூடிக்கொண்டு பிடுங்கியவர். பின்னால் எடுக்க மட்டும் வராது. வாயிலின் குறுக்கே திரும்ப முயன்று, பாதியில் நின்றார். அதற்குமேல் உள்ளே இருந்தது வெளியேயோ, வெளியே இருந்தது உள்ளேயோ போகும் வழி அடைபட்டது.

"மாஸ்டர், இப்ப ஸ்டியரிங்கை எந்தப் பக்கம்?"

"அப்படியே இருங்க டாக்டர். அவசரமே இல்லை" என்றாள் ஹாஃப் கிளட்ச்.

படியில் வரிசை கீழ்த்தளம் வரைக்கும் நின்றது. முதல் ஆளாக மாமியார் உள்ளே போனார்.

"நான் பின்தொடர்றவ. விசாரிங்க."

"நீங்க வேண்டாம்மா, வீட்டுக்குப் போங்க" என்றார் அதிகாரி.

"என்னப்பா இது, மூணு மாசமா எங்க வீட்டுப் பொண்ணை அலைய விட்டுட்டு, இப்ப வந்தவங்களைப் போங்கறே? நான் ராத்திரி பகலா என் மருமகளைப் பின்தொடர்றேன். அடுப்படியில பின்தொடர்றேன், மாடிக்குப் பின்தொடர்றேன். போன்லயும் பின்தொடர்றேன். எழுது."

எழுத்தர் எழுதினார். அடுத்து முதுகுவலிக்காரி. "எதுக்காகப் பின்தொடர்றீங்க?" என்று கேட்க வேண்டியது விதி. "ரிவர்ஸ் எடுக்க" என்றாள். அடுத்தவளும் அதையே சொன்னாள். மதியத்துக்குள் எழுத்தரின் விரல் மரத்துப்போனது. வந்தவர்களில் பாதிப் பேரைக்கூட முடிக்கவில்லை. வர முடியாதவர்கள் வீடியோ அழைப்பில் ஆஜராகத் தொடங்கினார்கள். பிரிவு இணையவழி என்பதால் மறுக்க வழியில்லை.

அந்த நேரத்தில்தான் மூன்றாவது மாடியிலிருந்து மேலதிகாரி இறங்கி வந்தார். சிறந்த பிரிவுக்கான விருதை வாங்க அவர் போக வேண்டியிருந்தது. அவருடைய கார் பல் டாக்டருக்குப் பின்னால் இருந்தது.

"யாரும்மா இதுக்கெல்லாம் காரணம்?"

"ஆணை சார்" என்று நீட்டினாள்.

அவர் படித்தார். 'சொச்சம்' என்ற இடத்தில் கண் நின்றது. அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி சுவரைப் பார்த்தார்.

"இப்ப உங்களுக்கு என்ன வேணும்?"

"என் பேர்ல இருக்கிற பொய்ப் பக்கத்தை மூடணும். ரோஜாப்பூ யாருன்னு தெரியணும். முதல் நாள் கேட்டதுதான் சார். புதுசா ஒண்ணுமில்லை."

முதலாவதற்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு கையெழுத்து. அதை மேலதிகாரி அவள் காரின் பானெட்டில் வைத்துப் போட்டார். மாலைக்குள் அந்தப் பக்கம் மூடப்பட்டது. இரண்டாவதில்தான் அதிகாரி அசையவில்லை. "பின்தொடராதவரைப் பின்தொடர்ந்தார்னு நான் எப்படி சார் எழுதுவேன்? மனசாட்சின்னு ஒண்ணு இருக்கே."

பல் டாக்டரின் காரை ஹாஃப் கிளட்ச் ஒரே திருப்பில் வெளியே எடுத்துக் கொடுத்தாள்.

விருதோடு திரும்பிய மேலதிகாரிக்கு நிலைமையைச் சீர்செய்ய வேண்டியிருந்தது. மறுநாள் பிரிவின் பக்கத்தில் ஓர் அறிவிப்பு வந்தது: 'விரிவான விசாரணைக்குப் பின், ஹாஃப் கிளட்ச் பக்கத்தைப் பின்தொடர்பவர்கள் அனைவரும் கண்ணியமானவர்கள் என உறுதி செய்யப்படுகிறது. இவர்கள் மீது எந்த நடவடிக்கையும் இராது.'

அவள் அதைப் படித்து முடித்துப் போனைக் கீழே வைத்தாள். போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். பிறகு சத்தமாகச் சிரித்தாள்.

"என்னம்மா?" என்றார் மாமியார்.

"அத்தை, இங்க பாருங்க."

'உண்மை விரும்பி உங்களைப் பின்தொடரத் தொடங்கியுள்ளார்.'

இந்த முறை கை நடுங்கவில்லை. காரை எடுத்தாள். மாமியார் பின் இருக்கையில் ஏறி, வீட்டுக் கதவைத் திறந்தே வைத்துவிட்டு வந்ததைப் பெருமையாகச் சொன்னார்.

"சார், பட்டனை அமுக்கிட்டார்" என்று போனை அதிகாரியின் மேசையில் வைத்தாள். "இப்பப் பின்தொடர்றார். உங்க புத்தகத்துல இருக்கிற அதே வார்த்தை."

அதிகாரி நெடுநேரம் திரையைப் பார்த்தார். ஏதாவது ஒரு வழி இருக்கும் என்று சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். பயணச்சீட்டு கீழே விழுந்தது. வழி இல்லை. எழுத்தரிடம் மெல்லிய குரலில், "எழுதுங்க" என்றார்.

சமூக ஊடக நிறுவனத்துக்குக் கோரிக்கை போனது. பெயரும் முகவரியும் வந்தன. விசாரணைக்கு வந்தவரைப் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. வாகன நிறுத்தத்தில் கயிற்றை அவிழ்த்துவிட்டு 'வாங்க மேடம்' என்கிற பொறுப்பாளர். காரின் பின்கண்ணாடியில் லாரி மாதிரித் தெரிந்த ஒன்று பக்கத்தில் வந்தால் சைக்கிளாக இருக்குமே, அப்படி இருந்தார். மடியில் சாப்பாட்டுப் பையை வைத்திருந்தார்.

"சார், நான் இவங்களைப் பின்தொடர்றவன்" என்றார் அவர், அறிவிப்பைப் போனில் காட்டி. "பின்தொடர்றவங்க எல்லாரும் கண்ணியமானவங்கன்னு நீங்களே போட்டிருக்கீங்களே."

"அது சரிதான்..." என்று அதிகாரி தொடங்கினார்.

கதவருகே மாமியார் தொண்டையைச் செருமினார்.

"எழுதுங்க" என்றார் அதிகாரி எழுத்தரிடம்.

பொறுப்பாளர் அவள் பக்கம் திரும்பினார். முகத்தை நேராகப் பார்க்கவில்லை. "சும்மா விளையாட்டுக்குத்தான் மேடம். அம்பைப் பத்திச் சொல்லி ஊரே சிரிச்சுதுங்களே. இனிமே உங்க பக்கமே வர மாட்டேன். நீங்களும் அந்த இடத்தை விட்டு வேற எங்கயாவது..."

"அந்த அம்பை மாத்தியாச்சா?" என்று கேட்டாள் அவள்.

"எது மேடம்?"

"சுவத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கே, அது."

அவர் சாப்பாட்டுப் பையை இன்னும் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"உங்களுக்குப் பதிலா வர்ற ஆள்கிட்ட சொல்லி மாத்த வைங்க" என்று கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நாளைக்கும் அங்கதான் வகுப்பு. நேரம்தான் உங்களுக்குத் தெரியுமே."